லூஜியாசுய்யில் ஒரு மாலை: ஷாங்காயின் வானளாவிகளை வரிசை மாறாமல் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஷாங்காய் போகிற எல்லோரும் வானளாவிகள் நெருக்கி நிற்கும் லூஜியாசுய் வட்டாரத்துக்கு ஒரு நடை போய்விட்டுத்தான் வருகிறார்கள். அவர்களில் பலர் அலுப்போடு திரும்புவதையும் பார்த்திருக்கிறேன். உச்சி வெயிலில் வந்து இறங்குவார்கள். கண்ணில் பட்ட முதல் கோபுரத்துக்குச் சீட்டு வாங்குவார்கள். மேலே போனால் கண்ணாடிக்கு வெளியே வெறும் மேகம். இறங்கி, சாப்பிட்டு, இரவு பத்தரைக்கு ஆற்றின் அக்கரைக்குப் போய் நின்றால் விளக்கெல்லாம் அணைந்திருக்கும். இதில் ஒவ்வொன்றையும் தவிர்க்கலாம்.

லூஜியாசுய்க்குள் நின்றுகொண்டு லூஜியாசுய்யை முழுதாகப் பார்க்க முடியாது. இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கீழே நின்று அண்ணாந்து ஒருமுறை, உச்சியிலிருந்து குனிந்து ஒருமுறை, ஹுவாங்பூ ஆற்றைத் தாண்டிப் போய் எதிரே நின்று ஒருமுறை என்று மூன்று தடவை பார்க்க வேண்டும். மூன்றுக்கும் வெளிச்சம் வேறு வேறு. அந்த மூன்றையும் ஒரே பிற்பகலிலும் மாலையிலும் எப்படிக் கோர்ப்பது என்பதுதான் கீழே உள்ள வரிசை.

1. வீட்டை விட்டுக் கிளம்பும் முன்

முதலில் விசா. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு முன்கூட்டியே விசா எடுத்தாக வேண்டும். சீனா பல நாட்டவருக்குத் தரும் 240 மணி நேர இடைவழிச் சலுகையில் இந்த இரண்டு நாடுகளும் இல்லை. 'விசாவே வேண்டாம், பத்து நாள் சுற்றலாம்' என்று சொல்லும் வீடியோக்கள் வேறு நாட்டுக்காரர்களுக்கானவை. சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு இருந்தால் 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம்.

அடுத்து பணம். யூபிஐ அங்கே வேலை செய்யாது. அட்டை தேய்க்கும் இயந்திரம் பெரிய ஹோட்டல்களில் இருக்கும், தெருக்கடையில் இருக்காது. போன் வழியாகப் பணம் செலுத்தும் செயலிகளான அலிபே, வீசாட் இரண்டில் ஒன்றையாவது, முடிந்தால் இரண்டையுமே, ஊரிலிருந்தே நிறுவி, கடவுச்சீட்டை வைத்து அடையாளச் சரிபார்ப்பை முடித்து, விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை இணைத்துவிடுங்கள்.

ஊரிலேயே செய்யச் சொல்வதற்குக் காரணம் ஓடிபி. வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தி உங்கள் ஊர் எண்ணுக்குத்தான் வரும். ஷாங்காய் விமான நிலையத்தில் வேறு சிம்மைப் போட்டுக்கொண்டு ஓடிபிக்காகக் காத்து நிற்பவர்களை எப்போதும் பார்க்கலாம். வங்கிச் செயலிக்குள் போய் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவைப்பதும் முக்கியம். இந்திய அட்டைகளில் இது பெரும்பாலும் மூடியே இருக்கும்.

ஒரு முறைக்கு 200 யுவானுக்கு மேல் செலுத்தினால் வெளிநாட்டு அட்டைக்கு 3 சதவீதம் கட்டணம் பிடிப்பார்கள். அதற்குக் கீழே இல்லை. நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே பில்லாகப் போடாமல் அவரவர் சீட்டை அவரவர் வாங்கினால் இந்தக் காசு மிச்சம். இதுபோக முன்னூறு யுவான் அளவுக்குச் சில்லறை நோட்டாகக் கையில் இருக்கட்டும். போனில் சார்ஜ் போனால் பணமும் போனது மாதிரிதான்.

இணையம். கூகுள், வாட்ஸ்அப், யூடியூப், இன்ஸ்டாகிராம் எதுவும் சீன வைஃபையில் திறக்காது. ஊர் சிம்மில் ரோமிங் எடுத்தாலோ, வெளிநாட்டு நிறுவனத்தின் இ-சிம் போட்டாலோ இவை வேலை செய்யும். தரவு வெளிநாட்டு வழியாகச் சுற்றி வருவதால்தான் இது நடக்கிறது. ஆகவே ஹோட்டல் வைஃபையை நம்பி வாட்ஸ்அப் அழைப்புக்கு நேரம் குறிக்காதீர்கள்.

வரைபடம். கூகுள் மேப்ஸ் திறந்தால்கூட அதை நம்பி நடக்க வேண்டாம். சீனாவில் வரைபடங்களுக்கு வேறு ஆயத்தொலைவு முறை கட்டாயம் என்பதால், நீங்கள் நிற்கும் புள்ளி சில நூறு மீட்டர் தள்ளிக் காட்டும். ஆற்றங்கரையில் நிற்கும்போது ஆற்றுக்குள்ளேயே நிற்பதாகக் காட்டினால் பதற வேண்டாம். ஆப்பிள் மேப்ஸ் சரியாக வேலை செய்யும். ஆண்ட்ராய்டு என்றால் அமேப் செயலியின் ஆங்கிலப் பதிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, மொழிபெயர்ப்புச் செயலியில் சீன மொழியை முன்கூட்டியே தரவிறக்கிவையுங்கள். தங்கும் ஹோட்டலின் பெயரையும் முகவரியையும் சீன எழுத்தில் படமாகச் சேமியுங்கள். டாக்சி ஓட்டுநரிடம் ஆங்கிலப் பெயரைச் சொல்வதில் பலன் இருக்காது.

2. நாளைத் தேர்ந்தெடுங்கள்

அக்டோபர் 1 முதல் 7 வரை தேசிய நாள் விடுமுறை, மே முதல் வார விடுமுறை, சீனப் புத்தாண்டு. இந்த மூன்றையும் விட்டுவிடுங்கள். சீனாவே ஊர் சுற்றக் கிளம்பும் நாட்கள் இவை. அக்கரை நடைமேடையில் ஒரு வழிப் பாதை போட்டு, காவலர்கள் வரிசையாக நின்று கூட்டத்தை நகர்த்துவார்கள். உங்கள் விருப்பத்துக்கு ஓரிடத்தில் நிற்கக்கூட முடியாது.

ஜூன் நடுவிலிருந்து ஜூலை தொடக்கம் வரை பிளம் மழைக்காலம். அப்போது நாள்கணக்கில் தூறலும் தாழ்ந்த மேகமும்தான். ஜூலை முதல் செப்டம்பர் வரை புயல் வரலாம், கோபுர உச்சிகளை மூடியும் விடுவார்கள். என்னைக் கேட்டால் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் கடைசி வரைதான் நல்ல காலம். வானம் தெளிவாக இருக்கும், குளிரும் தாங்கும்.

வாரத்தில் செவ்வாய், புதன், வியாழன் நல்லது. லூஜியாசுய் அலுவலக வட்டாரம் என்பதால் வார நாளில்தான் கூட்டம் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். காலை எட்டரை மணி மெட்ரோவுக்கு அது உண்மை. ஆனால் உங்களைப் பாதிக்கப்போவது மாலைக் கூட்டம். அது சனிக்கிழமைதான் உச்சத்துக்குப் போகும்.

ஷாங்காயில் தங்கும் நாட்களில் ஒன்றை இதற்கென்று முடிவு செய்யாமல், இரண்டு மாலைகளைக் காலியாக வைத்திருங்கள். வானம் தெளிவாக இருக்கும் மாலையை எடுத்துக்கொள்ளலாம். இந்தப் பயணத்தில் மிகப் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குவது இந்த ஒரு நெகிழ்வுதான்.

3. நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள்

சாதாரண நாட்களில் கோபுரங்களின் அலங்கார விளக்குகள் இரவு 10 மணிக்கு அணைக்கப்படும். அதுதான் கடைசிக் கெடு. அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்.

சூரியன் மறையும் நேரம் நம் ஊர்க் கணக்கில் இருக்காது. சீனா முழுவதற்கும் ஒரே கடிகாரம், ஷாங்காய் நாட்டின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. எனவே சீக்கிரம் இருட்டிவிடும். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறையும். அக்டோபர் நடுவில் ஐந்தரைக்குச் சற்று முன், ஜூன் கடைசியில் ஏழு மணி அளவில். 'ஆறு மணிக்கு மேலே போய்ச் சூரிய அஸ்தமனம் பார்க்கலாம்' என்று நவம்பரில் திட்டம் போட்டால் இருட்டைத்தான் பார்ப்பீர்கள்.

அக்டோபர் நடு என்று வைத்துக்கொண்டால் கணக்கு இப்படிப் போகும். இரண்டரைக்கு லூஜியாசுய் நிலையம். நான்கு மணி வரை தரைமட்டச் சுற்று. நான்கேகாலுக்குச் சீட்டு, வரிசை. ஐந்துக்குள் உச்சியில். பகல், அஸ்தமனம், விளக்கேற்றம் மூன்றையும் ஒரே சீட்டில் பார்த்துவிட்டு ஆறேகாலுக்கு இறங்குதல். ஏழு மணிக்கு ஆற்றைக் கடப்பது. ஏழரை முதல் ஒன்பது வரை அக்கரை. வேறு மாதம் என்றால் அஸ்தமன நேரத்தை நடுவில் நட்டு, மற்றதை அதற்கேற்ப நகர்த்துங்கள்.

ஏன் காலையில் அக்கரைக்குப் போகக்கூடாது? போகலாம், ஆனால் கோபுரங்கள் கிழக்கில் இருக்கின்றன. காலைச் சூரியன் அவற்றுக்குப் பின்னால் இருந்து உங்கள் கண்ணில் அடிக்கும். படத்தில் கருப்பு உருவங்கள்தான் மிஞ்சும். பிற்பகலில் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் வந்து கண்ணாடிச் சுவர்களில் விழும்.

4. எந்தக் கோபுரம் ஏறுவது

நான்கு கோபுரங்களில் பொதுமக்கள் உச்சிக்குப் போகலாம். ஒன்று போதும். ஒரே நாளில் இரண்டு ஏறுவது காசுக்குக் கேடு. சீட்டு விலை கோபுரத்துக்குக் கோபுரம் மாறும். தோராயமாக 120 யுவானிலிருந்து 200 யுவானுக்குச் சற்று மேல் வரை வைத்துக்கொள்ளுங்கள்.

ஷாங்காய் டவர் 632 மீட்டர், சீனாவிலேயே மிக உயரமானது. 118-வது மாடியில் 546 மீட்டரில் பார்வைத் தளம். லிஃப்ட் ஒரு நிமிடத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடும், காது அடைக்கும், எச்சிலை விழுங்கிக்கொள்ளுங்கள். 'மிக உயரமானதில் ஏறினேன்' என்று சொல்ல ஆசைப்படுபவர்களுக்கு இது. ஆனால் இரண்டு குறைகள். மேகம் கொஞ்சம் தாழ்ந்தாலும் முதலில் மறைவது இதுதான். அப்புறம், உயரத்தை உணர்த்தப் பக்கத்தில் எதுவும் மிஞ்சாது. மற்ற கோபுரங்களெல்லாம் காலடியில் சிறுத்துப்போகும்.

வேர்ல்டு ஃபைனான்சியல் சென்டர் 492 மீட்டர். உச்சியில் பெரிய ஓட்டை இருப்பது இதுதான். அந்த ஓட்டைக்கு மேலே, 100-வது மாடியில், 474 மீட்டரில் கண்ணாடித் தரை பதித்த பாலம். இங்கிருந்து ஷாங்காய் டவர் பக்கத்திலேயே ஓங்கி நிற்கும், ஜின் மாவின் உச்சி கீழே தெரியும். படம் எடுக்க வருபவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

ஜின் மாவ் டவர் 420.5 மீட்டர், 88 மாடி. இதன் சிறப்பு வெளியே இல்லை, உள்ளே. 88-வது மாடியிலிருந்து உள்பக்கம் எட்டிப் பார்த்தால் ஹோட்டலின் நடுக்கூடம் முப்பது மாடிக்கும் மேலாகக் கீழே இறங்கிப் போகும். கூட்டமும் ஒப்பீட்டளவில் குறைவு.

ஓரியண்டல் பேர்ள் டவர் 468 மீட்டர். உருண்டைகள் கோத்த தொலைக்காட்சிக் கோபுரம். ஆற்றின் வளைவுக்கு மிக அருகில் இருப்பதால் ஆறும் அக்கரையும் நன்றாகத் தெரியும். 259 மீட்டரில் கண்ணாடித் தரை, குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். சுற்றுலாப் பேருந்துகள் எல்லாம் இங்கேதான் வந்து நிற்கும் என்பதால் வரிசையும் நீளம். இதில் ஏறினால் ஷாங்காயின் அடையாளமான இதே கோபுரம் உங்கள் படத்தில் இருக்காது. புதிதாக வருபவர்கள் மேலே போன பிறகுதான் இதை யோசிக்கிறார்கள்.

முதியவர்களுக்கும் உயரம் குறைந்த குழந்தைகளுக்கும் பெரும்பாலும் சலுகை உண்டு. கடவுச்சீட்டைக் காட்டிக் கேளுங்கள். கேட்காவிட்டால் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

5. போய்ச் சேருவது

மெட்ரோதான் வழி. 2-ஆம் தடமும் 14-ஆம் தடமும் லூஜியாசுய்யில் நிற்கும். பூடோங் விமான நிலையத்திலிருந்தும் 2-ஆம் தடம் நேராக வரும். சில ரயில்கள் பாதியில் குவாங்லான் சாலையோடு நின்றுவிடும், அப்போது இறங்கி அடுத்த ரயிலில் ஏறினால் சரி. டாக்சி எடுத்தால் ஆற்றின் அடியிலுள்ள சுரங்கச் சாலையில் மாலை நேரத்தில் அகப்பட்டுக்கொள்வீர்கள்.

குறைந்தபட்சக் கட்டணம் 3 யுவான். அலிபேயின் போக்குவரத்துப் பகுதியில் ஷாங்காயைத் தேர்ந்தெடுத்து மெட்ரோ கியூஆரை எடுத்துக்கொள்ளலாம். ஒரு கியூஆருக்கு ஒரு ஆள்தான். அப்பா போனை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட, அம்மாவும் பிள்ளைகளும் கதவுக்கு வெளியே நிற்கும் காட்சி அடிக்கடி நடக்கும். எல்லோரிடமும் தனித்தனிச் செயலி இல்லையென்றால் நிலையத்தின் சேவை மையத்தில் 24 மணி நேரச் சீட்டு வாங்குங்கள், 18 யுவான்.

எல்லா நிலையத்திலும் பையை எக்ஸ்ரேயில் போட வேண்டும். கோபுரங்களிலும் சோதனை உண்டு, லைட்டர் கொண்டுபோக முடியாது. கடவுச்சீட்டின் அசலை எடுத்துச் செல்லுங்கள். நகல் பல இடங்களில் செல்லாது. பெரிய பெட்டியோடு வர வேண்டாம். டிரோனை ஹோட்டலிலேயே விட்டுவிடுங்கள், பறக்கவிட நினைத்தால் காவல் நிலையம்தான்.

லூஜியாசுய் நிலையத்தில் இறங்கியதும் கூட்டத்தோடு போகாமல் வாசல் எண்ணைப் பாருங்கள். 1-ஆம் வாசல் ஓரியண்டல் பேர்ள் பக்கம். 6-ஆம் வாசல் ஜின் மாவ், ஷாங்காய் டவர் பக்கம். தவறான வாசலில் ஏறினால், எதிரே தெரிகிற இடத்துக்குக்கூடச் சுற்றிப் போக வேண்டியிருக்கும். இங்கே சாலைகள் மிக அகலம், செஞ்சுரி அவென்யூ 100 மீட்டர் அகலம். நினைத்த இடத்தில் குறுக்கே கடக்க முடியாது.

இந்த வழிகாட்டியின் வரிசைக்கு 1-ஆம் வாசல்.

6. தரைமட்டச் சுற்று: வட்டப் பாலத்திலிருந்து தொடங்குங்கள்

வாசலை விட்டு வெளியே வந்தால் சாலைச் சந்திப்புக்கு மேலே ஒரு வட்டமான நடைபாலம் தெரியும். எஸ்கலேட்டரில் ஏறுங்கள். ஓரியண்டல் பேர்ள், சூப்பர் பிராண்ட் மால், ஐஎஃப்சி மால் எல்லாவற்றையும் இந்த ஒரே பாலம் இணைக்கிறது. அங்கிருந்து இன்னொரு மேல்நடைபாதை ஜின் மாவ் பக்கம் போகும். கீழே சாலையில் சிக்னலுக்காக நிற்கிறவர்களைப் பார்த்துக்கொண்டே நீங்கள் மேலே போய்விடலாம்.

பாலத்தை ஒரு முழுச் சுற்று சுற்றி வாருங்கள். எது எங்கே இருக்கிறது என்ற திசை மனதில் பதிந்துவிடும். பிறகு நாள் முழுக்க வரைபடம் தேவைப்படாது. மூன்று பெரிய கோபுரங்களையும் அடையாளம் காண உள்ளூர்க்காரர்கள் வைத்திருக்கும் கேலிப் பெயர்கள் உதவும்: ஜின் மாவ் ஊசி, வேர்ல்டு ஃபைனான்சியல் சென்டர் பாட்டில் திறப்பான், முறுக்கிக்கொண்டு நிற்கும் ஷாங்காய் டவர் முட்டை அடிக்கும் கம்பி. ஒருமுறை கேட்டால் மறக்காது.

பாலத்திலிருந்து மத்தியப் புல்வெளிப் பூங்காவுக்கு இறங்குங்கள். கட்டணம் இல்லை. சுற்றிலும் கண்ணாடிக் கட்டடங்கள், நடுவில் பத்து ஹெக்டேர் பசுமை. மூன்று கோபுரங்களும் தலை முதல் கால் வரை ஒரே சட்டத்துக்குள் அடங்க வேண்டுமானால் இவ்வளவு தூரம் பின்வாங்கித்தான் ஆக வேண்டும். கோபுரத்தின் அடியில் போய் நின்று படம் எடுக்கத் தவிப்பவர்கள் இங்கே ஐந்து நிமிடம் செலவிட்டிருக்கலாம்.

அதற்குப் பிறகு கோபுர அடிவாரம். மூன்றுக்கும் நடுவில் நின்று நேராக அண்ணாந்தால் மூன்று உச்சிகளும் வானத்தை நெருக்கிக்கொண்டு நிற்கும். போனின் அகலக்கோண லென்ஸுக்கு இதுதான் இடம். கோபுரங்களுக்கு இடையே காற்று திடீரென்று வேகமெடுக்கும், தொப்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். நடைபாதையில் மின்சார ஸ்கூட்டர்கள் சத்தமே இல்லாமல் பின்னால் வரும், அதைவிட இதில் கவனம் வேண்டும்.

பெரியவர்களைக் கூட்டி வந்திருந்தால் பூங்காவில் உட்கார வைத்துவிட்டு அடிவாரத்துக்கு நீங்கள் மட்டும் போய் வாருங்கள். இங்கே எல்லாம் பக்கத்தில் இருப்பது போலத் தெரியும், கட்டடங்களின் உயரம் தூரத்தை ஏமாற்றும். நடந்தால் நடந்துகொண்டே இருப்பீர்கள்.

7. சீட்டு வாங்கும் முன் வானத்தைப் பாருங்கள்

முன்கூட்டியே இணையத்தில் சீட்டு வாங்கிவிட்டு மேகத்துக்குள் போய் நிற்பதுதான் இங்கே மிகச் சாதாரணமான ஏமாற்றம். பத்து இருபது யுவான் தள்ளுபடிக்காக நடக்கிறது இது. விடுமுறைக் காலம் தவிர்த்து அதே நாள் சீட்டு கிடைக்கும்.

சோதனை எளிது. பூங்காவில் நின்று ஷாங்காய் டவரின் உச்சியைப் பாருங்கள். விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால் எந்தக் கோபுரத்துக்கும் போகலாம். உச்சி மங்கி, பாட்டில் திறப்பானின் ஓட்டை தெளிவாக இருந்தால் அதற்கோ ஜின் மாவுக்கோ போங்கள். ஓட்டையும் மறைந்திருந்தால் அன்றைக்கு எதிலும் ஏற வேண்டாம்.

உச்சி தெரிகிறது, ஆனால் தொலைவு முழுக்கப் பழுப்பாக இருக்கிறது என்றால் அது புகைமூட்டம். பகலில் காட்சி சுமார்தான். இருட்டிய பிறகு அவ்வளவு பாதிக்காது. அப்போது ஏறும் நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள்.

சீட்டை கோபுரத்தின் சொந்தக் கவுன்டரிலோ, அதன் வீசாட் பக்கத்திலோ, தெரிந்த பயணச் செயலியிலோ மட்டும் வாங்குங்கள். வெளியே கையில் அட்டையோடு 'வரிசை இல்லாமல் விடுகிறேன்' என்று வருபவர்களிடம் தலையாட்டக்கூட வேண்டாம். நின்றால் விட மாட்டார்கள்.

8. உச்சியில்

லிஃப்டை விட்டு இறங்கியதும் எல்லோரும் ஆற்றுப் பக்கக் கண்ணாடிக்கு ஓடுவார்கள். நீங்கள் எதிர்ப்பக்கம் போங்கள். கிழக்கே செஞ்சுரி அவென்யூ நீண்டு போவதும் முடிவில்லாத குடியிருப்புகளும் பகல் வெளிச்சத்தில்தான் தெரியும். மேற்குப் பக்கத்துக்கு அஸ்தமனத்துக்கு இருபது நிமிடம் முன் வந்து இடம் பிடித்தால் போதும்.

சூரியன் மறைந்த உடனே பாதிக் கூட்டம் இறங்கிவிடும். அவசரப்பட வேண்டாம். அதற்கடுத்த அரை மணி நேரம்தான் சீட்டு விலைக்கு ஈடான நேரம். வானத்தில் நீலம் மிச்சமிருக்கும்போதே கீழே விளக்குகள் ஒவ்வொன்றாக வரும், ஆற்றில் படகுகள் வண்ண விளக்கோடு கிளம்பும்.

கண்ணாடிப் பிரதிபலிப்புதான் படத்தைக் கெடுக்கும். கருப்புச் சட்டை போட்டு வாருங்கள், லென்ஸைக் கண்ணாடியில் ஒட்டினாற்போல வையுங்கள், ஃபிளாஷை அணையுங்கள். வெள்ளைச் சட்டையோடு வந்தால் எல்லாப் படத்திலும் நீங்களே தெரிவீர்கள்.

இறங்கும் லிஃப்டுக்கும் வரிசை உண்டு. அதற்கு இருபது நிமிடமாவது ஒதுக்குங்கள். பலர் ஏறும் வரிசையை மட்டும் கணக்கில் வைத்து மாலைத் திட்டத்தைத் தவறவிடுகிறார்கள்.

9. ஆற்றைக் கடப்பது

இந்த நாளின் கணு இதுதான், அதிகம் பேர் தடுமாறுவதும் இங்கேதான். ஹுவாங்பூ ஆற்றில் இந்தப் பகுதியில் நடந்து கடக்கப் பாலம் கிடையாது. எதிர்க்கரையிலுள்ள பண்ட் நடைமேடை கைக்கெட்டும் தூரத்தில் தெரியும், ஆனால் நடந்து போக வழி இல்லை.

முதல் தேர்வு படகுத்துறை. லூஜியாசுய்யிலிருந்து ஆற்றோர நடைபாதையான பின்ஜியாங் அவென்யூ வழியாகத் தெற்கே நடந்தால் டோங்சாங் சாலைத் துறை வரும். சாதாரண மக்கள் வேலைக்குப் போகும் படகு. கட்டணம் 2 யுவான். சொகுசுக் கப்பலுக்கு நூறு யுவானுக்கு மேல் கொடுத்துப் பார்க்கிற அதே ஆறு, அதே விளக்கு. அக்கரையில் எந்தத் துறைக்குப் படகு போகிறது என்பது சீரமைப்புப் பணிகளால் மாறியிருக்கிறது. கிளம்பும் முன் அமேப்பில் பாருங்கள். ஏறியதும் படகின் பின்பக்கம் நில்லுங்கள், கோபுரங்கள் விலகிப் போவது அங்கிருந்துதான் முழுதாகத் தெரியும். கடப்பதற்குச் சில நிமிடம்தான், போனை முன்பே தயாராக வைத்திருங்கள்.

துறைக்குப் போகும் வழியிலுள்ள பின்ஜியாங் அவென்யூவையும் ஓட்டமாகக் கடக்காதீர்கள். அக்கரையின் பழைய கல் கட்டடங்கள் மஞ்சள் வெளிச்சத்தில் வரிசையாகத் தெரியும் இடம் இது. பண்டில் நிற்பவர்களுக்கு அந்தக் கட்டடங்கள் முதுகுப் பக்கம்தான்.

மெட்ரோவில் போவதாக இருந்தால் எல்லோரும் 2-ஆம் தடத்தில் ஒரு நிலையம் தாண்டி நாஞ்ஜிங் கிழக்குச் சாலையில் இறங்குவார்கள். அங்கிருந்து பண்டுக்குப் பத்து நிமிட நடை. விடுமுறை மாலைகளில் கூட்டம் மிஞ்சினால் இந்த நிலையத்தில் ரயில் நிற்காமலே போய்விடும். ஒலிபெருக்கியில் சொல்வது புரியாமல் அடுத்த நிலையத்தில் இறங்கி விழிப்பவர்கள் பலர். 14-ஆம் தடத்தில் ஒரே நிலையம் தாண்டினால் யூயுவான். அங்கிருந்து பண்டின் தெற்கு முனைக்குக் கால் மணி நேர நடை. கூட்ட நாளில் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுங்கள்.

10. பண்டில் எங்கே நிற்பது

பண்ட் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் நீளம். நாஞ்ஜிங் கிழக்குச் சாலை வந்து முட்டும் இடத்தில்தான் மொத்தக் கூட்டமும் தேங்கும். படிக்கட்டில் ஏறிய இடத்திலேயே நிற்காமல், தெற்கே நடக்க நடக்க ஆள் குறைவதைப் பார்ப்பீர்கள். காட்சி குறையாது.

காவலர்கள் கயிறு கட்டி, ஒரு வழிப்பாதை போட்டு நகர்த்தினால் சலித்துக்கொள்ளாதீர்கள். 2014 டிசம்பர் 31 இரவு இங்கே படிக்கட்டு நெரிசலில் 36 பேர் இறந்தார்கள். அவர்கள் காட்டும் திசையில் போங்கள். குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு எதிர்த்திசையில் போக முயல வேண்டாம்.

கூட்டமே வேண்டாம் என்பவர்களுக்கு வடக்கு பண்ட். 12-ஆம் தடத்தில் சர்வதேசக் கப்பல் முனைய நிலையத்தில் இறங்கினால் அகலமான, அமைதியான ஆற்றங்கரை. கோபுரங்கள் சற்றுப் பக்கவாட்டில், ஆற்று வளைவோடு சேர்ந்து தெரியும். முக்காலி வைத்துப் படம் எடுப்பவர்கள் பண்டை விட்டு இங்கே வந்துவிடுங்கள்.

பண்டிலும் நாஞ்ஜிங் சாலையிலும் நல்ல ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்து, 'படம் எடுத்துத் தரட்டுமா, எந்த ஊர், பக்கத்தில் தேநீர் விழா நடக்கிறது' என்று அழைக்கும் இளைஞர்கள் வருவார்கள். போனால் சில கோப்பைத் தேநீருக்குப் பெரும் தொகை பில் வரும். சிரித்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

11. சாப்பாடு, கழிப்பறை, சார்ஜ்

பகல் பதினொன்றரை முதல் ஒன்று வரை அலுவலகக் கூட்டம் எல்லா உணவகத்தையும் பிடித்துக்கொள்ளும். பிந்திச் சாப்பிடுங்கள். சூப்பர் பிராண்ட் மாலில் மலிவு முதல் நடுத்தரம் வரை நிறைய உணவகங்கள் உண்டு. ஐஎஃப்சி மால் விலை கூடுதல்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் 'காய்கறி மட்டும்' என்று சொல்வது போதாது. காய்கறியைப் பன்றிக் கொழுப்பில் வதக்கிக் கொடுப்பார்கள். 'இறைச்சி, மீன், கோழி, முட்டை, விலங்குக் கொழுப்பு, இறைச்சிச் சாறு எதுவும் வேண்டாம்' என்ற வாக்கியத்தைச் சீனத்தில் படமாக வைத்திருந்து காட்டுங்கள். அக்கரையில், நாஞ்ஜிங் மேற்குச் சாலையில் கோங்தெலின் என்ற சைவ உணவகம் இருக்கிறது. 1922 முதல் நடப்பது. அங்கே எதையும் விளக்க வேண்டியதில்லை, இறைச்சி போலவே செய்திருப்பதைப் பார்த்து மிரளாமல் இருந்தால் சரி.

கழிப்பறைக்கு மால்களே நல்லது. டிஷ்யூ காகிதம் எப்போதும் பையில் இருக்கட்டும். சார்ஜ் தீர்ந்தால் கடைவாசல்களில் வாடகைப் பவர்பேங்க் பெட்டிகள் உண்டு. அலிபே அல்லது வீசாட் இருந்தால்தான் திறக்கும், அதனால் போன் அணையும் முன்பே எடுங்கள். சொந்தப் பவர்பேங்கோடு சீனாவுக்குள் உள்நாட்டு விமானம் ஏறுவதாக இருந்தால் அதில் சீனாவின் பாதுகாப்புச் சான்றான 3சி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

12. மேகம் மூடிய நாளில்

உச்சியை மறந்துவிடுங்கள், வட்டாரத்தை மறக்க வேண்டாம். ஷாங்காய் டவரின் 52-வது மாடியில், 239 மீட்டர் உயரத்தில் டுவோயுன் புத்தகக் கடை இருக்கிறது. மேகம் 500 மீட்டரில் இருக்கும் நாளிலும் இங்கிருந்து ஊர் தெரியும். நுழைவுக் கட்டணம் இல்லை, ஆனால் முன்பதிவு வேண்டும். புத்தகங்கள் பெரும்பாலும் சீனம்தான்.

மழை விட்ட மாலை என்றால் அக்கரைப் பார்வையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கோபுரங்கள் பாதியில் மேகத்துக்குள் நுழைந்து, மேகமே விளக்கு நிறத்தில் மாறி மாறி ஒளிரும். உச்சிச் சீட்டுக் காசில் அன்றைக்கு நல்ல சாப்பாடு சாப்பிடலாம்.

13. திரும்புவது

பத்து மணிக்கு விளக்கு அணைந்ததும் பண்டில் இருக்கும் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் நாஞ்ஜிங் கிழக்குச் சாலை நிலையத்துக்குத் திரும்பும். ஒன்பதேகாலுக்கே நகர்ந்துவிடுங்கள். அல்லது விளக்கு அணைவதையும் பார்த்துவிட்டு, யூயுவான் பக்கம் நடந்து 10 அல்லது 14-ஆம் தடத்தைப் பிடியுங்கள்.

கடைசி ரயில் பல தடங்களில் பத்தரைக்கும் பதினொன்றுக்கும் இடையில். வெள்ளி, சனி இரவுகளில் 2-ஆம் தடம் உட்படச் சில தடங்கள் நள்ளிரவு தாண்டியும் ஓடும். தவறவிட்டால் அலிபேக்குள்ளேயே டிடி டாக்சி அழைக்கலாம். ஆனால் பண்ட் சாலையில் நின்றுகொண்டு அழைத்தால் ஓட்டுநர் அங்கே நிறுத்த முடியாமல் சுற்றிக்கொண்டே இருப்பார். இரண்டு தெரு உள்ளே தள்ளிப் போய் அழையுங்கள். வண்டி எண்ணைச் சரிபார்த்து ஏறுங்கள், ஹோட்டல் முகவரிப் படத்தை ஓட்டுநரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.